போனா கேமராவா என்பது அப்புறம், லைவ் சவுண்டா டப்பிங்கா சொல்லுங்கள் முதலில்

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) கடைசி வருஷக் குறும்படம் எடுக்கப் போகிறவர்கள் கூடி உட்கார்ந்தால் பேச்சு முழுக்க கேமரா பற்றித்தான் ஓடும். சோனியா கேனானா, வாடகைக்கு எடுக்கலாமா, யாரோ ஒருவரின் அண்ணன் வைத்திருக்கும் ஐபோன் போதுமா என்று ரெண்டு மூன்று சாயங்காலம் அதிலேயே போய்விடும். வசனத்தை எப்படிப் பதிவு பண்ணப் போகிறீர்கள் என்று கேட்டால் "அது டப்பிங்ல பாத்துக்கலாம்" என்று ஒரே வரியில் பதில் வரும். என் கட்சி இதற்கு நேர் எதிர். ஒலியை எப்படிப் பிடிப்பது என்பதை முதலில் முடிவு செய்தால் லொகேஷன், நடிகர், கேமரா, எடிட்டிங் எல்லாம் அதற்குத் தகுந்தபடி தானாக அமைந்துவிடும். எட்டுப் பத்து நிமிஷப் படம், ரெண்டு மூன்று பேர் பேசுகிறார்கள், சென்னையில் ஒரு வீடு, கொஞ்சம் தெரு, கைக்காசு. இதை மனதில் வைத்துத்தான் கீழே ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறேன்.

டப்பிங் Vs லைவ் என்று வைத்துக்கொள்வோம். ஷூட்டிங்கில் பேசும்போதே பதிவாகும் குரலைப் படத்தில் வைத்தால் லைவ், பிறகு தனியாகப் பேசிப் பதிவு செய்து ஒட்டினால் டப்பிங்.

தமிழ் சினிமாவில் டப்பிங் ஊறிப் போனதற்குக் காரணங்கள் இருந்தன. பழைய ஏரிபிளெக்ஸ் 2சி மாதிரி கேமராக்கள் ஓடும்போதே கடகடவென்று சத்தம் போடும், அதன் பக்கத்தில் மைக் வைத்துப் பிரயோஜனமில்லை. ஜெனரேட்டர் ஓடும். தமிழ் தெரியாத நடிகருக்கு உதவி இயக்குநர் ஃபிரேமுக்கு வெளியே நின்று வசனத்தை ப்ராம்ப்ட் செய்வார். இதையெல்லாம் மீறி 2004-ல் வந்த 'விருமாண்டி' லைவ் சவுண்டில் எடுக்கப்பட்டது, அத்தனை பெரிய கூட்டக் காட்சிகளோடு. நம்மிடம் சத்தம் போடும் கேமராவும் இல்லை, ஜெனரேட்டரும் இல்லை, நடிப்பவர்கள் எல்லாரும் தமிழ் பேசுகிற நண்பர்கள். டப்பிங்குக்கான காரணங்கள் போய்விட்டன, பழக்கம் மட்டும் மிச்சம் இருக்கிறது.

டப்பிங்கில் பெரிய வசதி, ஷூட்டிங் வேகமாகப் போகும். ஆட்டோ ஹாரன் அடித்தாலும் டேக் ஓகே. பிறகு டப்பிங் பேசும்போது கேட்டுப் பின்பற்றுவதற்கான பைலட் டிராக்குக்குப் போன் மைக் போதும். ஆனால் இதற்கு விலை பின்னால் வரும். வீட்டு வாசலில் உட்கார்ந்து இயல்பாகப் பேசின அதே நண்பன், ஒரு மாசம் கழித்து ஹெட்போன் மாட்டிக்கொண்டு மைக் முன்னால் நின்றால் பாடப் புத்தகம் வாசிக்கிற குரலுக்கு மாறிவிடுகிறான். உதட்டசைவைத் துரத்துவதிலேயே கவனம் போய்விடும், உணர்ச்சி எங்கிருந்து வரும்? தொழில்முறை டப்பிங் கலைஞர்கள் செய்வது தனிப் பயிற்சி, அதை ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொள்ள முடியாது. அதோடு டப்பிங் என்றால் குரல் மட்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். பைலட் டிராக்கைத் தூக்கி எறிந்த நிமிஷம் படத்தில் எந்தச் சத்தமும் இருக்காது: நடக்கிற காலடி, டம்ளரை மேஜையில் வைக்கும் சத்தம், கதவு, புடவைச் சரசரப்பு, தூரத்து டிராஃபிக் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக உருவாக்கி ஒட்ட வேண்டும். மாணவர் படங்களில் பாதி இந்த வேலையைச் செய்வதே இல்லை. குரலுக்கு அடியில் வெறும் வெற்றிடம், அதை மூடுவதற்குப் படம் முழுக்க பியானோ.

லைவ் சவுண்டுக்கு ஷூட்டிங் நாளில்தான் கஷ்டம் முழுவதும். ஃபேன் நிறுத்த வேண்டும், சென்னையில் மே மாசத்தில் இதைச் சொன்னால் யூனிட்டே முறைக்கும். ஃபிரிட்ஜை அணைக்க வேண்டும். (அணைத்தவர் தன் பைக் சாவியை ஃபிரிட்ஜுக்குள்ளேயே வைத்துவிட வேண்டும், கிளம்பும்போது மறுபடி ஆன் பண்ணாமல் போக முடியாது. அந்த வீட்டு அம்மாவின் மாவும் பிழைக்கும்.) மார்கழி மாசம் கோயில் பக்கத்தில் வீடு பார்த்தால் காலை ஷூட்டிங்கை மறந்துவிடலாம். லொகேஷன் பார்க்கப் போகும்போது வெளிச்சம் மட்டும் பார்க்காமல், ஷூட் பண்ணப் போகிற அதே நேரத்துக்குப் போய் அஞ்சு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து கேளுங்கள். தண்ணி லாரி எப்போது வரும், பக்கத்தில் பில்டிங் வேலை நடக்கிறதா, மாடி வீட்டு மிக்ஸி எத்தனை மணிக்கு ஓடும், எல்லாம் அதில் தெரிந்துவிடும். ஒவ்வொரு இடத்தை விட்டுக் கிளம்பும் முன் எல்லாரையும் அசையாமல் நிறுத்தி ஒரு நிமிஷம் அந்த அறையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். எடிட்டில் ரெண்டு ஷாட்டுக்கு நடுவே ஒலி வெட்டுப்படுகிற இடத்தை மூட அது இல்லாமல் முடியாது.

என் ஓட்டு: வீட்டுக்குள் பேசுகிற காட்சி லைவ். எலியட்ஸ் பீச் காற்று, ரங்கநாதன் தெருக் கூட்டம், ஓடுகிற பைக்கில் பேச்சு, இவை டப்பிங், இல்லையென்றால் வசனத்தையே எடுத்துவிட்டு எழுதுங்கள். ஒரே படத்தில் ரெண்டையும் கலப்பதில் தப்பில்லை. ஆனால் டப்பிங் குரலை மொசைக் போட்ட மொட்டை அறையில் பதிவு செய்யாமல், துணி நிறைந்த அலமாரிக்கு முன்னால், மெத்தை, போர்வை சுற்றி வைத்து, முடிந்தால் லைவில் பயன்படுத்திய அதே மைக்கிலேயே எடுங்கள்.

அடுத்து மைக். கேமரா தலையில் மாட்டுகிற சின்ன மைக்கை நான் ஒரு தேர்வாகவே எண்ணுவதில்லை. கேமரா தள்ளிப் போனால் மைக்கும் தள்ளிப் போகிறது, நடிகர் பத்தடி தூரத்தில் நின்றால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரிதான் கேட்கும். நிஜமான போட்டி சட்டையில் குத்துகிற காலர் மைக்குக்கும், நீளக் குச்சியில் மாட்டி ஃபிரேமுக்கு வெளியே ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கும் பூம் மைக்குக்கும்.

போயா பிஒய்-எம்1 மாதிரி வயர் வைத்த காலர் மைக் கிட்டத்தட்ட எல்லா காலேஜிலும் யாரோ ஒருவரிடம் இருக்கும், 6 மீட்டர் கேபிள். அதை கேமராவில் சொருகி நடிகரைக் கட்டிப்போடத் தேவையில்லை: ஒரு பழைய போனில் சொருகி, ரெக்கார்டிங் ஆன் பண்ணி, ஏரோபிளேன் மோடில் போட்டு நடிகரின் பாக்கெட்டில் வைத்துவிடலாம். 3.5 மிமீ ஓட்டை இல்லாத போன் என்றால் அதற்கான அடாப்டர் வேண்டும். வயர்லெஸ் செட் வசதிதான், டேக் ஓடும்போதே கேட்கவும் முடியும். ஆனால் நிறைய செட்கள் வைஃபை ஓடுகிற அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்பவை, நெருக்கமான அபார்ட்மென்ட்டில் சிக்னல் அறுபடலாம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காலர் மைக்குக்கு நிஜ எதிரி துணி. பட்டும் பாலியெஸ்டரும் உரசினால் வசனத்தை விடச் சத்தமாகக் கேட்கும், பருத்தி நல்லது. ஆக, காஸ்ட்யூமை முடிவு செய்யும் கூட்டத்தில் சவுண்ட் பார்க்கிறவரும் இருக்க வேண்டும்.

பூமில் குரல் இயற்கையாக வரும், அறையின் காற்றும் கூடவே வரும், துணிப் பிரச்சினை கிடையாது. ஆனால் ஒரு ஆள் முழுநேரமும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும், அவர் நடிகரின் அசைவைப் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும், சும்மா இருக்கிற ஜூனியரைக் கூப்பிட்டுக் குச்சியைக் கொடுத்தால் மைக் ஒவ்வொரு ஷாட்டிலும் ஃபிரேமுக்குள் எட்டிப் பார்க்கும். நம் ஊர் வீடுகளுக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. டைல்ஸ் தரை, மொட்டைச் சுவர், கான்கிரீட் கூரை. பூமில் மாட்டுகிற, ஒரே திசையைக் குறிவைக்கும் நீளமான ஷாட்கன் மைக் வெட்டவெளியில் பிரமாதமாக வேலை செய்யும், இப்படிப்பட்ட சின்ன அறையில் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும். ஃபிரேமில் தெரியாத பக்கமெல்லாம் போர்வை தொங்கவிட்டு, தரையில் ஜமுக்காளம் விரித்தாலே வித்தியாசம் தெரியும். ஆள் இருந்தால் ரெண்டையும் பதிவு செய்யுங்கள், ஒன்றுக்கு ஒன்று காவல். ஒருவர் மட்டும்தான் என்றால் காலர்.

ஒலிப்பதிவு செய்யும் ரெக்கார்டரின் செட்டிங்கில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள், சத்தத்தின் உச்ச அளவு மீட்டரில் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி இருக்கட்டும். கிளாப் போர்டு இல்லாவிட்டால் கையைத் தட்டுங்கள், கேமராவுக்குத் தெரிகிற மாதிரி, பிறகு படத்தையும் ஒலியையும் பொருத்த அது உதவும்.

இப்போது கேமராவுக்கு வரலாம். எல்லாரும் நினைக்கிற அளவு இது பெரிய முடிவு இல்லை.

பகல் காட்சி, வீட்டுக்குள் போதுமான வெளிச்சம் என்றால் இன்றைய நல்ல போன் தாராளம். பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம், ஐபோனுக்கு 2023-லும் ஆண்ட்ராய்டுக்கு 2024-லும் வந்தது, எல்லா ஆண்ட்ராய்டு போனிலும் ஓடாது என்பதால் முதலில் சோதித்துப் பாருங்கள். போனுடைய சொந்த கேமரா ஆப்பில் எடுத்தால் டேக் நடுவிலேயே வெளிச்சமும் நிறமும் தன் இஷ்டத்துக்கு மாறும், ஃபிரேம் ரேட்டும் (வினாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது) நிலையாக இருக்காது, தனியாக எடுத்த ஒலியோடு சேர்க்கும்போது உதடும் குரலும் மெல்ல விலகிப் போகும். ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமும் வெளிச்சம் வாங்கும் நேரம்), ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்), வொய்ட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் மாறாமல் பூட்டிவிட வேண்டும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் ஷட்டர் 1/50 அல்லது 1/100 வினாடி. இல்லாவிட்டால் டியூப்லைட்டும் மலிவு எல்இடி பல்பும் திரையில் துடிக்கும். வினாடிக்கு 25 ஃபிரேமில் எடுத்தால் 1/50 அப்படியே பொருந்தும். தியேட்டர் திரையிடல், டிசிபி (தியேட்டருக்கான டிஜிட்டல் கோப்பு) என்று ஆசை இருந்தால் 24 ஃபிரேமிலேயே எடுத்து ஷட்டரை 1/50-ல் வையுங்கள், ஷட்டரைக் கோணத்தில் காட்டும் ஆப் என்றால் 172.8 டிகிரி. வெயிலில் போன் தடுமாறும் இடமும் இதுதான்: பெரும்பாலான போன்களில் அபெர்ச்சரை (லென்ஸ் துவாரத்தை) குறைக்க முடியாது, 1/50-ல் வானம் வெள்ளையாகப் பொசுங்கும், அதற்கு வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் கிளிப் ஒன்று வாங்கியே ஆக வேண்டும்.

மிரர்லெஸ் கேமரா ஜெயிப்பது இரவிலும் லென்ஸிலும். துவாரம் அகலமாகத் திறக்கும் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று இருந்தால் தெருவிளக்கு வெளிச்சத்திலேயே ஒரு முகத்தை எடுத்துவிடலாம், போன் அங்கே சேறாகிவிடும். ஆனால் அந்த லென்ஸை முழுசாகத் திறந்து வைத்துவிட்டு நடிகரை நடக்கவும் விட்டால் ஃபோகஸ் பார்க்க ஒரு ஆள் வேண்டும். பின்னணி மங்கினால்தான் சினிமா என்று நினைப்பவர்கள் நல்ல டேக்குகளை ஃபோகஸில் இழக்கிறார்கள், போனில் அந்தத் தலைவலியே இல்லை. சோனி இசட்வி-இ10 மாதிரி கேமராவில் 4கே எடுத்துக்கொண்டே கேமராவை வேகமாகப் பக்கவாட்டில் திருப்பினால் கம்பமும் கதவும் சாய்ந்து தெரியும், ட்ரைபாடில் நிதானமாக எடுங்கள். டிபார்ட்மென்ட் அலமாரியில் தூங்கும் பழைய கேனான் 550டி கிடைத்தாலும் எடுத்துக்கொள்வேன். 4கே வராது, ஒரு கிளிப் சுமார் 12 நிமிஷத்தில் நின்றுவிடும், குறும்படத்தில் எந்த டேக் அவ்வளவு நீளம் போகப் போகிறது? வடபழனி, சாலிகிராமம் பக்கம் வாடகைக்கு எடுக்கிற பணம் இருந்தால் அதில் ஒரு நல்ல மைக்கை எடுத்துவிட்டு, மிச்சத்தை யூனிட் சாப்பாட்டுக்கு வையுங்கள். லைட்டுக்கு, இருக்கிற வெளிச்சத்தை முகத்தின் மேல் திருப்பிவிடத் தெர்மாகோல் ஷீட் போதும்.

எடிட்டிங்கில் டாவின்சி ரிசால்வா பிரீமியரா என்பதற்கு எனக்கு நீண்ட வாதம் எதுவும் இல்லை. ரிசால்வின் இலவச வடிவம் 4கே யுஎச்டி வரை எக்ஸ்போர்ட் பண்ணும், வாட்டர்மார்க் கிடையாது, கலர் வேலைக்கு அது பிறந்ததே. ஃபேர்லைட் என்ற ஒலிப் பக்கம் உள்ளேயே இருக்கிறது. தனியாகப் பதிவு செய்த ஒலியை அலைவடிவம் பார்த்துத் தானாகவே பொருத்தியும் விடும். பதிலுக்கு அது லேப்டாப்பைப் பிழியும். 8 ஜிபி ராம்தான் என்றால் பிராக்ஸி (எடிட்டுக்கான எடை குறைந்த நகல்) போடாமல் 4கே தொடாதீர்கள். லினக்ஸில் இலவச வடிவம், நிறைய கேமராக்களும் போன்களும் தருகிற எச்.264 வகைக் கோப்புகளைத் திறக்காது, விண்டோஸில் சில 10 பிட் கோப்புகள் மக்கர் பண்ணும். இரைச்சலான இரவு ஷாட்டைச் சுத்தம் செய்யும் கருவியும் காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ வடிவத்தில்தான். பிரீமியர் மாதச் சந்தா. லேபில் ஏற்கனவே இருக்கிறது, குழுவில் ரெண்டு பேருக்குப் பழக்கம் என்றால் அதிலேயே இருங்கள், பாதி வழியில் மென்பொருள் மாற்றுவதைப் போல நேரத்தைத் தின்னும் வேலை இல்லை. தமிழ் டைட்டில் போடும்போது பிரீமியரில் கொம்பும் காலும் இடம் மாறினால், பிரிஃபரன்ஸில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய் டெக்ஸ்ட் என்ஜினை தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றுங்கள். எந்த மென்பொருளானாலும் கைகொடுப்பது, டைட்டிலைத் தனியாகப் படமாகச் செய்து பின்னணி இல்லாத பிஎன்ஜியாகக் கொண்டுவருவது. போனிலேயே எடிட் செய்யும் ஆப்கள் ரீல்ஸுக்குச் சரி, மூன்று ஒலித் தடங்களை ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து வேலை பார்க்கப் போகிறவர் அந்தச் சின்னத் திரையில் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரைச்சல் நீக்கும் ஏஐ கருவிகளை நம்பி ஃபேனை ஓடவிடலாமா என்று கேட்பார்கள். கொஞ்சமாகப் போட்டால் உதவும். முழுசாகப் போட்டால் அம்மா பாத்திரம் கஸ்டமர் கேர் குரலில் பேசும்.

இசைக்கு சினிமாப் பாட்டை வைக்கிறவர்களிடம் வாதாடிக் களைத்துவிட்டேன். யூடியூபில் உரிமையுள்ள பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் கன்டென்ட் ஐடி பிடிக்கும், விழாவுக்கு அனுப்பினால் உரிமைக் கடிதம் கேட்பார்கள். யூடியூப் ஆடியோ லைப்ரரி இருக்கிறது, காலேஜிலேயே கீபோர்டு வாசிக்கிற யாராவது இருப்பார்கள். லைவ் சவுண்ட் ஒழுங்காக வந்த படத்துக்கு ஆர்.ஆர். (பின்னணி இசை) பாதி இடத்தில் தேவையே இல்லை என்பதும் எடிட்டில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

கடைசி மிக்ஸை எதில் கேட்பது? ஹெட்போனில் கிளிக், துணி உரசல் எல்லாம் தெளிவாகப் பிடிபடும், ஆனால் வசனத்துக்கும் இசைக்கும் உள்ள அளவு ஏமாற்றும். போன் ஸ்பீக்கரில் வசனம் புரிகிறதா என்று பாருங்கள், அங்கே அடித்தள ஹம் சுத்தமாகக் கேட்காது, ஆடிட்டோரியத்துப் பெரிய பெட்டிகளில் அதுதான் முதலில் கேட்கும். யூடியூபுக்கு மொத்தச் சத்தத்தை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) சுற்றி வையுங்கள், அதைவிடச் சத்தமாகக் கொடுத்தால் அவர்களே குறைத்துவிடுவார்கள், மெதுவாகக் கொடுத்தால் கூட்டித் தர மாட்டார்கள். திரையிடலுக்கு முந்தின நாளே பென் டிரைவில் போட்டுக்கொண்டு போய் அந்த ஆடிட்டோரியத்திலேயே ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். அங்கே ஆபரேட்டர் அண்ணனிடம் ரெண்டு நாள் முன்னாடியே சொல்லி வைத்துவிடுங்கள், சாவி அவரிடம்தான் இருக்கும்.