டிரம்பின் காத்திருப்பும் பைடனின் செயலியும்: தென்எல்லையில் இரு வழிகள்

தஞ்சம் கேட்டு அமெரிக்கத் தென்எல்லைக்கு வருபவரை எங்கே நிறுத்தி வைப்பது? டிரம்பும் பைடனும் பிரிவது இங்கேதான்.

டிரம்ப் 2019 ஜனவரியில் தொடங்கிய திட்டத்தில், விசாரணைத் தேதியைக் கையில் கொடுத்து, அதுவரை காத்திருக்க மெக்சிகோவுக்கே திருப்பி அனுப்பினார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்கள் ஏறக்குறைய 70,000 பேர். சிக்கல் விசாரணை நாளில் வந்தது. டெக்சாஸ் எல்லை நகரங்களான லாரெடோ, பிரவுன்ஸ்வில்லில் இருந்த கூடார நீதிமன்றங்களுக்குப் போக விடியுமுன்பே எல்லைப் பாலத்தில் நிற்க வேண்டியிருந்தது. தவறினால் ஆள் இல்லாமலே வெளியேற்ற உத்தரவு. மெக்சிகோ பக்கம் மாத்தமோரோஸ் நகர முகாமில் இருந்தவருக்கு அமெரிக்க வழக்கறிஞர் கிடைப்பது அரிதாக இருந்தது. கடத்தல் கும்பல்களின் பயம் வேறு.

பைடன் 2023 ஜனவரியில் அமெரிக்க எல்லைக் காவல் துறையின் ‘சிபிபி ஒன்’ கைபேசிச் செயலியில், எல்லை நுழைவாயிலுக்கு வரும் நாளுக்கான முன்பதிவைத் திறந்தார். மத்திய, வட மெக்சிகோவில் இருந்தபடி விவரம் பதிந்து, முகப்படம் எடுத்து, நாள் கேட்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஜூன் இறுதிமுதல் தினம் 1,450 இடங்கள், எட்டு நுழைவாயில்கள். நாள் கிடைத்து உள்ளே வந்தவருக்குப் பெரும்பாலும் இரண்டாண்டுவரை தற்காலிக அனுமதி. வேலை அனுமதிக்கும் விண்ணப்பிக்க முடிந்தது. பழைய போன், மந்தமான இணையம், கறுத்த முகத்தைப் பிடிக்காத கேமரா எனத் தடைகள் பல. மாதக்கணக்கில் காத்தவர்களும் உண்டு, அதுவும் மெக்சிகோவில்தான்!

2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் மீண்டும் பதவியேற்றதும் முன்பதிவு நின்றது. ஏற்கெனவே நாள் வாங்கியிருந்த சுமார் 30,000 பேருக்கும் அது ரத்து. மறுநாளே 2019-இன் பழைய திட்டத்தை மீண்டும் அறிவித்தார்கள்.