‘அவசர அம்புலன்ஸ் இலவசம்’ என்ற வரியை நம்பி வாகனம் பிடிக்க முன்

ஆடைத் தொழிற்சாலை, வங்கி, லீசிங் கம்பனி, கண்ணிவெடி அகற்றும் வேலை என்று கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் வேலை செய்யும் பலரிடம் இப்போது கம்பனி எடுத்துக் கொடுத்த மருத்துவக் காப்புறுதி அட்டை இருக்கிறது. அதோடு தரும் துண்டில் கட்டில் கட்டணம், சத்திரசிகிச்சை, மகப்பேறு எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி கிடக்கும்: அவசர அம்புலன்ஸ் வசதி. சிலதில் ‘இலவசம்’ என்றே அடித்திருக்கும். அந்த வரியை நம்பித்தான் வீட்டுக்காரர் நகையை அடகு வைத்து வாகனக் காசு கட்டிவிட்டு, பிறகு மறுப்புக் கடிதத்தோடு அலைகிறார்கள்.

அந்த வரி வாகனம் தராது. நீங்கள் காசு கட்டி, பற்றுச்சீட்டு எடுத்து, படிவம் நிரப்பிக் கேட்டால் ஓர் எல்லை வரைக்கும் திருப்பித் தரும் ஏற்பாடுதான் அநேகமாக அது. எல்லை ஒரு தடவைக்கா, வருடத்துக்கா, ஆளுக்கா, முழுக் குடும்பத்துக்குமா என்பது துண்டில் இராது. கம்பனி வைத்திருக்கும் மூலக் காப்புறுதிப் பத்திரத்தின் அட்டவணையில் இருக்கும். சில ஒப்பந்தங்களில், காப்புறுதிக்காரரின் இலக்கத்துக்கு முதலில் அழைத்து அவர்கள் சம்மதித்த பிறகு போன பயணத்துக்கு மட்டுந்தான் காசு. இரவு பன்னிரண்டு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறவரை வைத்துக்கொண்டு இதை யார் தேடிப் படிப்பது?

எல்லைத் தொகையைப் போடும்போது பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓடும் நகரப் பயணத்தை நினைத்துத்தான் போடுகிறார்கள் போலிருக்கிறது. கணக்குக்காக வைத்துப் பாருங்கள்: எல்லை 5,000 ரூபா, வாகனக்காரர் கேட்பது கிலோமீற்றருக்கு 150 ரூபா. முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வழியாக யாழ்ப்பாணம் நூறு கிலோமீற்றருக்கு மேல். வெறும் வாகனமாகத் திரும்பும் தூரத்தையும் சேர்த்துத்தான் எடுப்பார்கள். 200 கிலோமீற்றர் என்றாலே 30,000 ரூபா. பத்திரம் எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் 25,000 உங்கள் தலையில்.

ஆனபடியால் முதல் அழைப்பு 1990 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு. அது சுவசெரிய என்ற இலவச அம்புலன்ஸ் சேவை; 2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியோடு தொடங்கி, 2018இல் வடக்குக்கும் வந்தது. காசு இல்லை, அட்டை கேட்பதில்லை, பயிற்சி பெற்ற அவசர மருத்துவ உதவியாளர் வாகனத்திலேயே வருவார். அழைக்கும்போது ஒழுங்கைப் பெயரைச் சொல்லித் தேட விடாதீர்கள். குளக்கட்டு, பள்ளிக்கூடம், கோயில், ஏ9 வீதியில் எத்தனையாம் கட்டை என்று சொல்லி, ஒருவரை டோர்ச்சோடு பிரதான வீதிக்கு அனுப்புங்கள். அழைத்த தொலைபேசியை வேறு அழைப்புக்கு எடுக்காமல் வைத்திருங்கள். ஆனால் 1990 கிட்டடி அரச ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற சேவை. உங்களுக்கு விருப்பமான தனியார் இடத்துக்குக் கொண்டுபோய் விடச் சொல்லிக் கேட்கேலாது.

இந்தக் ‘கிட்டடி’ என்ற சொல்லில்தான் கன கிளெய்ம் (காப்புறுதிக் காசு கேட்கும் விண்ணப்பம்) மறுக்கப்படுகிறது. பொருத்தமான சிகிச்சை கிடைக்கும் மிக அருகிலுள்ள இடத்துக்குப் போன செலவு என்பதுதான் வழக்கமான வாசகம். வயலில் புடையன் கடித்தவரை, யாழ்ப்பாணந்தான் நல்லது என்று கிளிநொச்சி ஆஸ்பத்திரி வாசலைக் கடந்து கொண்டுபோனால் காப்புறுதிக்காரர் கேட்கும் முதல் கேள்வி, ஏன் அங்கே நிற்பாட்டவில்லை என்பது. காசை விடுங்கள், விஷம் ஏறிக்கொண்டிருக்கும்போது இன்னொரு மணித்தியாலம் ஓடுவது ஆளுக்கே கூடாது.

இதைவிட மோசமானது ‘சொந்த விருப்பில்’ ஆளைக் கூட்டிக்கொண்டு போவது. முல்லைத்தீவிலோ மன்னாரிலோ அனுமதித்த நோயாளியை மேல் சிகிச்சைக்கு மாற்ற வேண்டுமென்றால் ஆஸ்பத்திரி தன் அம்புலன்ஸிலேயே, காசு வாங்காமல் அனுப்பும். அந்த வாகனம் இன்னொரு நோயாளியோடு போயிருந்தால் காத்திருக்க வேண்டிவரும். வீட்டுக்காரருக்குப் பொறுமை இராது, அது நியாயந்தான். வெளியில் நிற்கிற வான்காரர் வந்து, “அட்டை இருக்குத்தானே, காப்புறுதி தரும், யோசிக்காதையுங்கோ” என்பார். கையெழுத்து வைத்து ஆளை எடுப்பார்கள். ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட்டில் (நோய் விவர அட்டையில்) ‘வைத்திய ஆலோசனைக்கு மாறாக வெளியேறினார்’ என்று ஒரு வரி ஏறிவிடும். அந்த வரி ஏறின பிறகு வாகனக் காசு கிடைப்பது மிகக் கஷ்டம்; அடுத்த ஆஸ்பத்திரிச் செலவையும் துருவித் துருவிக் கேட்பார்கள். பொறுக்க முடியாத நிலை என்றால், கையெழுத்து வைக்க முன் வார்ட் டொக்டரிடம் மாற்றக் கடிதம் கேளுங்கள். எங்கே, எதற்காக, ஏன் உடனடியாக, ஏன் படுத்தபடி ஒக்சிசனோடு போக வேண்டும் என்பது அதில் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரி வாகனம் அப்போது இல்லை என்பதையும் எழுதச் சொல்லுங்கள். எல்லாரும் எழுத மாட்டார்கள், கேட்டுப் பார்ப்பதில் பிழையில்லை.

சைரனும் ஸ்ட்ரெச்சரும் பூட்டிய வான் எல்லாம் காப்புறுதிக்காரரின் கண்ணுக்கு அம்புலன்ஸ் அல்ல. பதிவுப் புத்தகத்தில் வாகன வகை என்ன என்று பார்ப்பார்கள். ஓட்டோ, ஹயர் கார், அயலவரின் கப் வாகனம் எல்லாம் பெரும்பாலும் கணக்கிலேயே வராது. ஏற முன்பே கேட்க வேண்டியவை: மொத்தக் காசு எவ்வளவு, திரும்பும் தூரம் சேர்ந்ததா, ஒக்சிசனுக்கும் தாதிக்கும் தனிக் காசா, அச்சடித்த பற்றுச்சீட்டு உண்டா. சீட்டில் நோயாளியின் முழுப்பெயர், திகதி, புறப்பட்ட நேரம், எங்கிருந்து எங்கே, கிலோமீற்றர், வாகன இலக்கம், முத்திரை, கையொப்பம் இவ்வளவும் வேண்டும். தொகையை நிரப்பாமல் வெறும் சீட்டைக் கையில் தந்து, “நீங்களே போட்டுக்கொள்ளுங்கோ” என்கிற சாரதிகள் இருக்கிறார்கள். உதவி என்று நினைக்காதீர்கள். கூட்டிப் போட்டது பிடிபட்டால் கிளெய்ம் மட்டுமில்லை, வேலையும் போகும். சாரதி சாட்சி சொல்ல வரமாட்டார்.

அடுத்தது, வார்ட்டில் அட்மிட் ஆகாத பயணம். அவசர சிகிச்சைப் பிரிவில் ஊசி போட்டு, நாலு மணித்தியாலம் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினால் பல பத்திரங்களின்படி அம்புலன்ஸ் காசு இல்லை. வழியிலேயே உயிர் போய்விட்டாலும் இதே காரணத்தைக் காட்டலாம். சடலத்தை வீட்டுக்குக் கொண்டுவரும் வாகனம் இந்த வரிக்குள் அடங்காது. கேட்கச் சங்கடமான கேள்விதான், ஆனால் இந்த இரண்டுக்கும் பத்திரம் என்ன சொல்கிறது என்று மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வைத்திருங்கள்.

வேலைத்தளத்தில் நடந்த விபத்தென்றால் பாதையே வேறு. மருத்துவக் காப்புறுதிப் பத்திரங்கள் பலதில் வேலை விபத்து விலக்கப்பட்டிருக்கும். அது 1934இன் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் முதலாளியின் பொறுப்பு. மெஷினில் விரல் போனவரிடம் ‘உங்கள் கார்ட்டில் போடுங்கோ’ என்று மேற்பார்வையாளர் சொன்னால் போடாதீர்கள். வீட்டில் நடந்த விபத்து என்று படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு நட்டஈடு கேட்கப் போனால் உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிராக நிற்கும்.

கடைசியாக, அட்டை கையில் இருப்பதாலேயே உங்கள் பெயர் காப்புறுதிக்காரரின் பட்டியலில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. புதிதாகச் சேர்ந்தவர், பிந்திப் பதிந்த மனைவி, பிறந்த குழந்தை எல்லாரும் பட்டியலில் ஏறக் கம்பனி தனியாக அறிவிக்க வேண்டும். கொழும்பில் இருக்கும் மனிதவளப் பிரிவின் மேசையில் அது கிடந்தால் வன்னியில் இருக்கிறவருக்குத் தெரியாது. சம்பளத் துண்டில் காசு வெட்டுகிறார்களென்றால் துண்டுகளைச் சேர்த்து வையுங்கள். கிளெய்ம் அனுப்பக் கெடு உண்டு, அது பத்திரத்துக்குப் பத்திரம் மாறும். மூலச் சீட்டுகளைக் கொடுக்க முன் படம் எடுத்து, மனிதவளப் பிரிவு பெற்ற திகதியோடு கையொப்பமும் வாங்குங்கள். பிந்தியது நீங்களா அவர்களா என்ற சண்டை வரும்போது அந்தத் திகதி ஒன்றுதான் பேசும்.

தொலைபேசியில் ‘கிடைக்காது’ என்று சொன்னால் ஏற்க வேண்டாம். மறுப்பை எழுத்தில், எந்த வாசகத்தின்படி என்ற இலக்கத்தோடு கேளுங்கள். ஒப்பந்தக்காரர் உங்கள் கம்பனி என்பதால் கம்பனியின் கடிதத் தலைப்பில் போகும் முறையீட்டுக்கு எடை கூட. அதற்கும் மசியாவிட்டால் காப்புறுதிக்காரரின் பதிலையும் இணைத்து இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்குப் பதிவுத் தபாலில் எழுதலாம்.