பாயிண்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட்: வாங்கலாமா?

பழைய காரை நெடுந்தூரம் ஓட்டுமுன் செய்ய உருப்படியான மாற்றம் இது. பாயிண்ட் (தீப்பொறிக்கான மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் சிறு சுவிட்ச்), அது கருகாமல் காக்கும் கண்டென்சர் இரண்டையும் கழற்றிவிட்டு, அந்த வேலையைச் செய்யும் எலக்ட்ரானிக் மாட்யூலைப் பொருத்தி, காந்த வளையத்தை டிஸ்ட்ரிபியூட்டர் (தீப்பொறியை சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் பாகம்) கேமில் செருக வேண்டும். பாயிண்ட்டின் ஹீல் (கேமில் உரசும் முனை) தேய்ந்து, 0.4 மி.மீ. இடைவெளி சுருங்கி, டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) நழுவும் தொல்லை இனி இல்லை. மாட்டியதும் ஸ்ட்ரோப் லைட் (டைமிங் பார்க்கும் மின்னும் விளக்கு) வைத்து டைமிங்கை ஒருமுறை சரிசெய்துவிடுங்கள்.

காயிலின் (தீப்பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) ரெசிஸ்டன்ஸை அளக்காமல் மட்டும் கிட்டை மாட்டாதீர்கள். 3 ஓம் கேட்கும் கிட்டுக்கு, பேலஸ்ட் (மின்னோட்டத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர்) இல்லாமல் 1.5 ஓம் காயில் கொடுத்தால் மின்னோட்டம் இரட்டிப்பாகி மாட்யூல் வெந்துவிடும். இன்ஜின் ஓடாமல் சாவியை ஆனில் விட்டாலும் பெரும்பாலும் அதே கதிதான். பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்த) வண்டிக்குத் தனி கிட். வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்தள்ளும் அமைப்பின் அட்வான்ஸ் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் இந்த கிட் குணப்படுத்தாது.

கழற்றிய பாயிண்ட்டும் கண்டென்சரும் டிக்கியில் இருக்கட்டும். மாட்யூல் சொல்லாமல் சாகும். பாயிண்ட் முனகிக்கொண்டாவது ஓடும்.