படிப்புக்கும் பணிக்கும் ஒரே போன்: நாள்பட்ட பயன்பாட்டில் தெரியவருபவை

புது ஆப்பைப் பற்றி முதல் வாரத்தில் எழுதப்படுவதெல்லாம் திரையின் அழகும் வேகமும்தான். மருத்துவம், நர்சிங், பார்மசி மாணவர்களும் பணியில் இருப்பவர்களும் ஒரே போனை வருடக்கணக்கில் உழைக்க வைக்கும்போது சிக்கல் வேறு இடங்களில் முளைக்கிறது: அலகு, சிங்க் (கருவிகளுக்கிடையே தரவை ஒத்திசைப்பது), பேட்டரி சேமிப்பு, கேலரி.

முதலில் மருத்துவக் கால்குலேட்டர்கள். எம்டிகால்க் போன்ற ஆப்களில் சூத்திரம் தப்பாக இருப்பது அபூர்வம். நாம் அடிக்கும் எண்ணின் அலகுதான் காலை வாரும். சிறுநீரகம் எவ்வளவு வேகமாக ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்று மதிப்பிடும் காக்கிராஃப்ட்-கால்ட் கணக்கையே பாருங்கள். 140-இலிருந்து வயதைக் கழித்து எடையால் பெருக்கி, அதை 72 பெருக்கல் கிரியேட்டினினால் (ரத்தத்தில் உள்ள ஒரு கழிவுப்பொருளின் அளவு) வகுக்க வேண்டும். பெண்களுக்கு விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும். 60 வயது ஆண், எடை 60 கிலோ, கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 1.2 மி.கி. என்றால் விடை நிமிடத்துக்கு ஏறத்தாழ 56 மி.லி. கிரியேட்டினின் கட்டம் மைக்ரோமோல் என்ற வேறு அலகில் இருக்கும்போது 1.2 என்று அடித்துவிட்டால் விடை ஐயாயிரத்தை நெருங்கும். பார்த்ததும் சிரிப்பு வரும், ஆபத்து இல்லை. எடைக் கட்டம் பவுண்டில் இருக்கும்போது 60 என்று அடித்தால்? 60 பவுண்டு என்பது 27 கிலோ. விடை 25. இந்த எண்ணைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது. வார்டில் தினமும் பார்க்கும் எண்தான். 30-க்குக் கீழே டோஸைக் குறைக்க வேண்டிய மருந்துகள் பல இருக்கின்றன. நோயாளிக்குச் சேர வேண்டிய டோஸ் சத்தமில்லாமல் குறைந்துபோகும். ஆப்பை நிறுவிய அன்றே அலகுகளை மாற்றி வையுங்கள். போன் மாற்றினாலோ மறுபடி நிறுவினாலோ அந்த அமைப்பு பழையபடி திரும்பியிருக்கலாம் என்பதால், விடையைப் பார்க்குமுன் கட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அலகை ஒருமுறை வாய்விட்டுப் படிப்பது நல்ல பழக்கம்.

மருந்து ஆப்களில் பெயர்க் குழப்பம். அமெரிக்க ஆப் என்றால் பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், சால்பியூட்டமால் அங்கே அல்பியூட்டரால், அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின். பிராண்டு பெயரில் தேடவே வேண்டாம். ஒரே பிராண்டு பெயர் இரண்டு நாடுகளில் இரண்டு மருந்தாக இருக்கக்கூடும். ஆப் சொல்லும் அளவு ஒரு வேளைக்கா, ஒரு நாளைக்கா என்பதையும் கவனியுங்கள். 10 கிலோ குழந்தைக்கு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் பாராசிட்டமால் என்றால் 150 மி.கி. 5 மி.லி.யில் 125 மி.கி. இருக்கும் சிரப்பில் அது 6 மி.லி.; 250 மி.கி. இருக்கும் சிரப்பில் 3 மி.லி. பாட்டில் லேபிளைக் கையில் எடுத்துப் பார்க்காமல் மி.லி. சொல்லக்கூடாது.

மனப்பாடத்துக்கு, கேள்வி-பதில் அட்டைகளை இடைவெளி விட்டு மறுபடி மறுபடி காட்டும் ஆங்கி ஆப்புக்கு இணை இல்லை. ஆண்ட்ராய்டில் ஆங்கிட்ராய்டு என்ற பெயரில் இலவசம். ஆனால் அதன் இயல்பு அமைப்பில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒரு நாளைக்குப் புது அட்டை 20, மீள்பார்வை அதிகபட்சம் 200. இரண்டு மாதத்தில் தினசரி மீள்பார்வை 200-ஐத் தாண்டினால், மிச்சத்தை ஆப் காட்டாமல் மறைத்துவிடும். "இன்றைக்கு முடிந்தது" என்ற செய்தியைப் பார்த்து மாணவர் நிம்மதியாகத் தூங்குவார். பாக்கி உள்ளே குவிந்துகொண்டிருக்கும். மீள்பார்வை வரம்பை 9999 ஆக்கிவிட்டு, புது அட்டையை 10-க்குக் குறைப்பதுதான் நேர்மையான வழி. அடுத்த தவறு 'ஹார்ட்' பொத்தான். விடை மறந்துபோனால் அழுத்த வேண்டியது 'அகெய்ன்'. 'ஹார்ட்' என்றால் சிரமப்பட்டாவது நினைவுக்கு வந்தது என்று ஆப் எடுத்துக்கொண்டு, இடைவெளியை நீட்டிவிடும். அடுத்து எப்போது காட்டுவது என்று கணக்கிட 2023-இல் சேர்ந்த எஃப்எஸ்ஆர்எஸ் முறையும் இதனால் தப்பான பாடம் கற்றுக்கொள்ளும். எட்டு முறை மறந்த அட்டைக்கு ஆங்கி 'லீச்' என்று முத்திரை குத்தும். தமிழில் அதுவும் அட்டைதான், ரத்தம் உறிஞ்சும் வகை. அதோடு மல்லுக்கட்டாமல் இரண்டு மூன்று சின்ன அட்டைகளாக உடைத்து எழுதுங்கள்.

கணினி, போன் இரண்டிலும் ஆங்கியில் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அட்டையின் அமைப்பையே மாற்றினால் சிங்க் செய்யும்போது 'அப்லோடா, டவுன்லோடா' என்று கேட்கும். தேர்ந்தெடுக்காத பக்கத்தில் சிங்க் ஆகாமல் இருந்த உழைப்பு அத்தனையும் அழிந்துவிடும். அதனால் அமைப்பை மாற்றுமுன் இரண்டு கருவிகளையும் சிங்க் செய்துவிடுங்கள்.

டியூட்டி நினைவூட்டல் அடிக்கவில்லை என்றால் பழியை ஆப் மேல் போடாதீர்கள். பேட்டரியைச் சேமிக்கப் பின்னணி ஆப்களைப் போனே கொன்றுவிடுகிறது. அமைப்புகளில் அந்த ஆப்பைத் திறந்து, பேட்டரி பகுதியில் 'அன்ரிஸ்டிரிக்டட்' தேர்வு செய்யுங்கள். பெரிய அப்டேட் வந்த மறுநாள் இன்னொருமுறை சரிபாருங்கள். இரவில் 'டு நாட் டிஸ்டர்ப்' வைப்பவர்கள் 'ரிப்பீட் காலர்ஸ்' வசதியையும் இயக்கி வைக்கலாம். ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள் அதே எண்ணிலிருந்து இரண்டாம் அழைப்பு வந்தால் மணி அடிக்கும்.

கேலரிதான் மிகவும் அலட்சியப்படுத்தப்படும் இடம். அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு புண்ணைப் படமெடுத்தாலும், அது தானாகக் கிளவுடுக்குப் போய், வீட்டு டேப்லெட்டில் குடும்பப் படங்களுக்கு நடுவே வந்து நிற்கும். மருத்துவமனையின் சொந்த ஆப் இருந்தால் அதற்குள்ளேயே படமெடுங்கள். இல்லையென்றால் கேமராவில் இருப்பிடக் குறிப்பையும், வாட்ஸ்அப்பில் வரும் படங்களைக் கேலரியில் காட்டும் 'மீடியா விசிபிலிட்டி'யையும் அணைத்து வைப்பது குறைந்தபட்சம். பெயரை மறைக்க ஹைலைட்டர் கோட்டை நம்பாதீர்கள். வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருக்கும் எழுத்து தெரியும். வெட்டி எடுப்பதே பாதுகாப்பு.

கேமராவில் விரல் வைத்து ஆக்சிஜன் அளவு சொல்லும் ஆப்களை நீக்கிவிடலாம். பல்ஸ் ஆக்சிமீட்டருக்குச் சிவப்பு, அகச்சிவப்பு என இரண்டு ஒளி வேண்டும். போனின் பிளாஷ் வெள்ளை.

போன் வாங்கும்போது மெகாபிக்சலைவிட, எத்தனை வருடம் பாதுகாப்பு அப்டேட் தருவார்கள் என்று பாருங்கள். போனைத் துடைக்க 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். தினமும் துடைத்தால் திரையின் எண்ணெய் விலக்கும் பூச்சு போய்விடும் என்பதால் கண்ணாடிக் கார்டு ஒட்டுவது லாபம், அதை மாற்றிக்கொள்ளலாம். பின்பக்கம் காந்தம் உள்ள போனை மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேஸ்மேக்கர் வைத்தவர் மேல் குனியாதீர்கள், 15 செ.மீ. இடைவெளி வேண்டும்.