ஷேர்டு ஹோஸ்டிங்கா, விபிஎஸ்ஸா, பெரிய கிளவுடா? எங்கள் லேபிள் கடைக்கு நான் எடுத்த முடிவு

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு லேபிள், டேக், பட்டன் சப்ளை செய்கிற சின்ன யூனிட் எங்களுடையது. என்னையும் சேர்த்துப் பதினோரு பேர். சர்வரில் இரண்டு விஷயங்கள் ஓடுகின்றன. ஒன்று வேர்ட்பிரஸ்ஸில் உள்ள வெப்சைட். அது ஒரு நாள் படுத்தாலும் பெரிதாக யாரும் கேட்க மாட்டார்கள். இன்னொன்று ஆர்டர் புரோகிராம்: எந்த ஸ்டைலுக்கு எந்த சைஸ் லேபிள், எத்தனை போயிருக்கிறது, எந்த டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) நம்பரில் போனது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அது ஒரு மணி நேரம் நின்றால் பனியன் கம்பெனிகளில் ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர்களின் போன் ஓயாது, ஏனென்றால் ஒரு சைஸ் லேபிள் குறைந்தாலே அவர்களின் பேக்கிங் நின்றுவிடும், கன்டெய்னர் தேதி தள்ளிப்போகும்.

ஏழு வருடத்தில் நான்கு இடங்களில் வைத்துப் பார்த்துவிட்டேன். ஆபீசிலேயே ஒரு மெஷின், அப்புறம் ஷேர்டு ஹோஸ்டிங் (பல பேர் பகிர்ந்துகொள்ளும் வாடகை சர்வர்), அப்புறம் ஆறு மாதம் அமேசான் மாதிரி பெரிய கிளவுட், கடந்த மூன்று வருடமாக பெங்களூரில் ஒரு விபிஎஸ் (பெரிய மெஷினில் நமக்கென்று வாடகைக்கு எடுக்கும் தனிப் பகுதி). முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விபிஎஸ் கட்சி. எங்களைப்போல ஐந்து பேர் முதல் முப்பது பேர் வரை உள்ள தொழிலுக்கு அதுதான் சரி என்று நினைக்கிறேன். ஆனால் காரணம் வேகமோ விலையோ இல்லை.

ஆபீஸ் மெஷினைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாதாந்திர பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு கரண்ட் போனால் சாயங்காலம்தான் வரும், எந்த யூபிஎஸ்ஸும் அவ்வளவு நேரம் தாங்காது. பஞ்சுத் தூசி ஃபேனில் அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் திறந்துவைக்க வேண்டும், அது வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவதைப் போன்றது. விட்டுவிடுங்கள்.

ஷேர்டு ஹோஸ்டிங் விலை குறைவு, சிபேனல் (சர்வர் வேலைகளை மவுஸிலேயே செய்யும் பக்கம்) இருக்கும், யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். முதல் வருட விலையைப் பார்த்து முடிவெடுக்காமல் ரெனியூவல் விலையைப் பாருங்கள், இரண்டும் பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும். ஒரே மெஷினில் உங்களோடு பல பேர் குடியிருப்பார்கள். அதில் ஒருவர் ஸ்பேம் மெயில் அனுப்பினால் அந்த மெஷினின் ஐபி முகவரி (இன்டர்நெட்டில் அதன் விலாச எண்) கறுப்புப் பட்டியலுக்குப் போய், நீங்கள் பார்ட்டிக்கு அனுப்பும் கொட்டேஷனும் ஸ்பேமில் போய் விழும். அதனால் எந்த ஹோஸ்டிங் எடுத்தாலும் மெயிலை மட்டும் தனியாக ஜோஹோ மாதிரி, கூகுள் மாதிரி ஓர் இடத்தில் வைத்துவிடுங்கள். வெறும் வெப்சைட் மட்டும்தான் என்றால் ஷேர்டு ஹோஸ்டிங்கே போதும், அதற்கு மேல் செலவு செய்ய வேண்டாம்.

எங்களுக்குப் போதவில்லை என்று தெரிந்தது ஒரு திங்கட்கிழமை காலையில். வெப்சைட்டில் நாங்கள் அப்டேட் செய்யாமல் விட்ட ஒரு பழைய பிளகின் (கூடுதல் வசதிக்காகப் போடும் துணைப் புரோகிராம்) வழியாக யாரோ உள்ளே வந்து, எங்கள் பக்கத்தைத் திறந்தால் சூதாட்ட சைட்டுக்குப் போகிற மாதிரி மாற்றிவிட்டார்கள். ஹோஸ்டிங் கம்பெனி அக்கவுண்ட்டையே நிறுத்திவைத்துவிட்டது. அவர்கள் பக்கம் அது நியாயம்தான், மற்றவர்களைக் காப்பாற்ற வேண்டும். ஆனால் ஆர்டர் புரோகிராமும் அதே அக்கவுண்ட்டில் இருந்தது, அதுவும் சேர்ந்து நின்றது. விளம்பரத்தில் "தினசரி பேக்கப்" என்று போட்டிருந்தார்களே என்று கேட்டேன். ஒப்பந்த விதிகளில் வேறு மாதிரி இருந்தது: பேக்கப் ஓர் உதவிக்காக எடுப்பது, அதற்கு உத்தரவாதம் கிடையாது. இருந்த சில நாள் பேக்கப்பிலும் அவர்கள் வைத்த கெட்ட நிரல் ஏற்கெனவே புகுந்திருந்தது. கடைசியில் சுத்தமாகக் கிடைத்தது 19 நாள் பழைய காப்பி.

அந்த 19 நாள் ஆர்டர்களை நாங்கள் மீட்டது டிசி புத்தகத்திலிருந்து. கார்பன் வைத்து எழுதிய ரோஸ் கலர் தாள்கள், பாதிக்கு மேல் மங்கியிருந்தன. அக்கவுண்ட்ஸ் பார்க்கிற அக்கா தாளை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து நம்பரைப் படிக்கப் படிக்க, இரண்டு பையன்கள் டைப் செய்தார்கள். இரண்டு முழு நாள் ஆனது. 3-ஆ 8-ஆ என்று தெரியாத இடங்களில் பார்ட்டிக்கே போன் போட்டுக் கேட்டோம்.

அந்த இரண்டு நாளுக்கு அப்புறம் எந்த ஹோஸ்டிங்கையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்: எல்லாம் போய்விட்டால் எவ்வளவு நேரத்தில், எந்தத் தேதி வரைக்கும், யார் திரும்ப எடுத்துத் தருவார்கள்? 99.9 சதவீதம் அப்டைம் (சர்வர் நிற்காமல் ஓடும் நேரம்) என்பார்கள். அந்தக் கணக்கில் வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் நிற்கலாம், அதைத் தாண்டினால் அடுத்த பில்லில் கொஞ்சம் கழித்துக்கொடுப்பார்கள். எட்டே முக்கால் மணி நேரத்தை எங்களால் சமாளிக்க முடியும். 19 நாள் டேட்டாவைப் பில்லில் கழிக்க முடியாது.

பெரிய கம்பெனிகளுக்கே இது நடந்திருக்கிறது. 2017 ஜனவரி கடைசியில் புரோகிராமர்கள் கோடு சேமித்துவைக்கும் கிட்லாப் நிறுவனத்தில் ஓர் இன்ஜினியர் தவறுதலாக முக்கிய டேட்டாபேஸையே அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப், ரெப்ளிகேஷன் (இன்னொரு மெஷினுக்கு உடனுக்குடன் நகல் போவது) ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்த நேரத்து நகல்) இருந்ததால் பிழைத்தார்கள். 2021 மார்ச் 10-ஆம் தேதி பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் ஒரு டேட்டா சென்டர் கட்டடமே எரிந்துபோனது. சர்வரும் பேக்கப்பும் அங்கேயே வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்து போயின. அதனால் பேக்கப் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. அது வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும், முடிந்தால் வேறு கம்பெனியில், வேறு பாஸ்வேர்டில் இருக்க வேண்டும்.

இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் பெரிய கிளவுட்தான் காகிதத்தில் ஜெயிக்கிறது. அமேசானே பராமரித்துத் தரும் ஆர்டிஎஸ் டேட்டாபேஸில் அதிகபட்சம் 35 நாள் வரைக்கும் பின்னால் போய், குறிப்பிட்ட ஒரு நொடியைச் சொல்லி, அந்த நிலைக்குத் திரும்ப எடுக்கலாம். மும்பையில் 2016 முதல் இருக்கிறார்கள், ஹைதராபாத்திலும் 2022-இல் திறந்துவிட்டார்கள், ஆக நாட்டுக்குள்ளேயே இரண்டு ஊர். ஆனால் அதெல்லாம் தானாக நடக்காது, என்ன வேண்டும் என்று தெரிந்து நாம்தான் அமைக்க வேண்டும். அமைத்தால் அதற்குத் தனித்தனி வரியாகப் பில் வரும். சர்வருக்கு, டிஸ்க்குக்கு, ஸ்னாப்ஷாட்டுக்கு, 100 ஜிபிக்கு மேல் வெளியே போகும் டேட்டாவுக்கு. 2024 பிப்ரவரியிலிருந்து ஒரு பொது ஐபிவி4 முகவரிக்கே (வழக்கமான ஐபி முகவரி) மணிக்கு அரை சென்ட், அதாவது மாதம் மூன்றரை டாலருக்கு மேல். ஆறு மாதத்தில் இரண்டு பில் ஒரே தொகையாக வந்ததில்லை. நான் அங்கே இருந்தது ஆறு மாதம்தான், அதுவும் குறைந்த வேலைப்பளுவில், அதனால் பெரிய அளவில் நடத்துகிறவர்களுக்கு நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். தீபாவளிக்கு முந்தின வாரம் மட்டும் இருபது மடங்கு கூட்டம் வருகிற ஆன்லைன் துணிக்கடை என்றால் அவர்களுக்கு அதுதான் சரியாக இருக்கும்.

இப்போது விபிஎஸ். ஒரு பெரிய மெஷினில் நமக்கென்று தடுத்துக்கொடுத்த ஒரு பகுதி, உள்ளே என்ன ஓட வேண்டும் என்பது முழுக்க நம் கையில். விலைக்கு ஓர் அளவு சொல்ல வேண்டுமென்றால், டிஜிட்டல்ஓஷன் என்ற விபிஎஸ் கம்பெனியில் 2 ஜிபி ராம் உள்ள சாதாரண மெஷின் மாதம் 12 டாலர், வாராந்திர பேக்கப் வேண்டுமென்றால் அதில் 20 சதவீதம் கூடுதல். ஜிஎஸ்டி தனி. மாதத்துக்கு மாதம் மாறாத பில். எங்கள் இரண்டு வேலைகளுக்கும் 2 ஜிபி தாராளம். வெளிநாட்டுக் கம்பெனியாக இருந்தால் ஒரு விஷயம்: 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் விதி மாறியதால் கார்டில் தானாகப் பணம் பிடிப்பதை நம்பியிருக்க வேண்டாம், முன்கூட்டியே பணம் கட்டிவைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பணம் கட்டாததால் சர்வர் நிற்பது ஹேக்கிங்கைவிட மோசமான காரணம்.

விபிஎஸ்ஸில் கஷ்டம் என்னவென்றால், பராமரிக்க ஆள் வேண்டும். இதை மறைக்க மாட்டேன். மெஷினை வாங்கிய முதல் ராத்திரியே லாகின் பதிவைப் பார்த்தோம், ரூட், அட்மின், டெஸ்ட் என்று பெயர் மாற்றி மாற்றி எங்கிருந்தோ முட்டிக்கொண்டே இருந்தார்கள். பாஸ்வேர்டு லாகினை அடியோடு மூடிவிட்டு கீ (நம் கம்ப்யூட்டரில் இருக்கும் சாவிக் கோப்பு) மட்டும் வைத்துக்கொள்வது, தேவையில்லாத போர்ட்டுகளை மூடுவது, பாதுகாப்பு அப்டேட்டுகள் தானாக ஏறும்படி செய்வது, வெப்சைட்டையும் ஆர்டர் புரோகிராமையும் தனித்தனி யூசரில் பிரிப்பது என்று ஒரு நாள் வேலை இருக்கிறது. சர்வரில் உபுண்டு எல்டிஎஸ் (நீண்ட கால அப்டேட் உள்ள லினக்ஸ்) போட்டால் ஐந்து வருடம் அப்டேட் வரும், முடிகிற வருடத்தை இப்போதே டைரியில் எழுதிவையுங்கள். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி லாகுகளை (சர்வரில் நடப்பவற்றின் பதிவுகள்) 180 நாள் வைத்திருக்க வேண்டும், ஹேக்கிங் மாதிரி சம்பவம் நடந்தால் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உபுண்டு வழக்கமாக சிஸ்டம் லாகுகளை நான்கு வாரம்தான் வைத்திருக்கும், அதையும் மாற்றினோம். இதையெல்லாம் செய்வது கோயம்புத்தூரில் தனியாக வேலை செய்கிற ஒரு தம்பி. மாதம் இரண்டு மணி நேரம், அதற்கு ஒரு தொகை. சர்வர் வாடகையைவிட அவருக்குக் கொடுப்பது அதிகம், அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பேக்கப் இப்படி வைத்திருக்கிறோம். ராத்திரி 1.30-க்கு டேட்டாபேஸ் முழுவதும் ஒரு கோப்பாக எடுக்கப்பட்டு, அளவு குறைய அமுக்கப்பட்டு, பூட்டப்பட்டு, வேறு கம்பெனிக்குப் போகிறது: அமேசானின் கோப்புக் கிடங்கான எஸ்3, மும்பை. பெரிய கிளவுடில் இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். சர்வரிடம் இருக்கும் சாவிக்கு அங்கே கோப்பைப் போட மட்டும்தான் உரிமை, அழிக்க முடியாது. போட்ட கோப்பின் பழைய பிரதியும் அங்கேயே தங்கும். ஆக சர்வரையே ஒருவர் கைப்பற்றினாலும் பேக்கப்பைத் தொட முடியாது. சனிக்கிழமை ஒரு காப்பி ஹார்டு டிஸ்க்கில் என் வீட்டுக்கு வரும்.

இவ்வளவும் செய்துவிட்டு மூன்றாவது மாதம் தம்பியிடம், ஒரு தடவை திரும்ப எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். கோப்புகள் தினமும் சரியாக வந்திருக்கின்றன, தேதியும் சரியாக இருக்கிறது, அப்புறம் எதற்கு என்ற மாதிரிதான் அவருக்கு இருந்தது. புது மெஷின் ஒன்றை எடுத்து ஆரம்பித்தார். பத்து நிமிடத்தில் போன்.

"அண்ணா, பூட்டைத் திறந்தா நேத்து கோப்பு 20 பைட்தானுங்க இருக்கு."

"20 எம்பியா?"

"இல்லீங்கண்ணா, 20 பைட். காலிக் கோப்பை அமுக்குனா அவ்வளவுதான் வரும்."

முந்தின நாளும் 20 பைட். அதற்கு முந்தின நாளும். இரண்டு வாரம் முன்பு டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறோம், பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்டில் மாற்றவில்லை. அது தினமும் உள்ளே போக முடியாமல் திரும்பி, ஒன்றுமில்லாததை ஒழுங்காகப் பேக் செய்து, பூட்டி, மும்பைக்கு அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. அன்றைக்கு ராத்திரி சர்வர் போயிருந்தால் மறுபடியும் ரோஸ் தாள்தான்.

அன்றிலிருந்து மாதத்தின் முதல் சனிக்கிழமை புது மெஷினில் முழுவதும் திரும்ப எடுத்து, அக்கா அதில் லாகின் செய்து நேற்றைய கடைசி டிசி நம்பரைப் படித்துச் சொல்ல வேண்டும், நான் புத்தகத்தில் பார்த்துச் சரி என்பேன். அப்புறம் அந்த மெஷினை அழித்துவிடுவோம். மணிக்கணக்கில் வாடகை என்பதால் சில ரூபாய்தான் ஆகும். முதலில் மூன்று மணி நேரம் எடுத்தது, இப்போது 40 நிமிடம். கோப்பின் அளவு நேற்றையதைவிடக் குறைந்தால் தம்பிக்கும் எனக்கும் மெசேஜ் வரும்.

இந்தப் பழக்கத்துக்கு விபிஎஸ்தான் இடம் கொடுத்தது. ஷேர்டு ஹோஸ்டிங்கில் இதே மாதிரி இன்னொரு இடத்தை மணிக்கணக்கில் எடுத்து ஒத்திகை பார்க்க எங்களுக்கு வழியில்லை, பெரிய கிளவுடில் தாராளமாக முடியும், ஆனால் அதற்குள் இருக்கும் இருபது அமைப்புகளையும் தெரிந்துவைத்திருக்கும் ஆள் வேண்டும், அந்த ஆள் திருப்பூர் சிறு யூனிட்டின் மாதச் செலவுக்குள் வருவது கஷ்டம்.

நம்பிக்கையான ஆள் கிடைக்கவில்லை என்றால் விபிஎஸ் எடுக்காதீர்கள். கவனிப்பாரில்லாத விபிஎஸ் ஷேர்டு ஹோஸ்டிங்கைவிட ஆபத்து. அந்த நிலையில் ஷேர்டிலேயே இருங்கள், ஆனால் வெப்சைட்டுக்கு ஒரு அக்கவுண்ட், ஆர்டர் வேலைக்கு வேறு அக்கவுண்ட், தினமும் ஒரு காப்பி நீங்களே இறக்கிக்கொள்ளுங்கள். வருடக் கணக்கில் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுங்கள். சும்மா நான்கு பக்கம் போட்டு, ஒரு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரு ஃபோல்டரை நீங்களே அழித்துவிட்டு, முந்தாநாள் காப்பியைத் திரும்பப் போட்டுத் தரச் சொல்லி டிக்கெட் போடுங்கள். போட்ட நேரத்தையும் ஃபோல்டர் திரும்பி வந்த நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.