மலைக்குத் தனி இன்சூரன்ஸ் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

நீலகிரியில் கார் வைத்திருப்பவர்களுக்கும், கீழிருந்து பழைய கார் வாங்கி மேலே கொண்டுவரப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். 'மலை லோடிங்', 'மூணு மாநில கவர்' என்ற பெயரில் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸுக்கு (நம் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பு) யாராவது கூடுதல் பணம் கேட்டால் அவரிடம் பாலிசி எடுக்காதீர்கள். அப்படி இரண்டுமே கிடையாது. எங்களிடம் இந்தப் பெயர்களைச் சொல்லிப் பணம் வாங்கிய ஏஜென்ட் கொடுத்த பாலிசியே போலி. அதனால் எங்கள் காரில் அடிபட்ட ஒரு மனிதருக்குப் போய்ச்சேர வேண்டிய இழப்பீடு இன்றுவரை போய்ச்சேரவில்லை.

நாங்கள் இருப்பது பந்தலூர் பக்கம். இங்கே ஒரு கார் என்றால் அது தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா என மூன்று மாநிலத்திலும் ஓடும். ஸ்கேன் எடுக்க சுல்தான் பத்தேரி, பெரிய வைத்தியத்துக்குக் கோழிக்கோடு, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு மைசூர். தாளூர், பாட்டவயல், சோலாடி, நாடுகாணி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு செக்போஸ்ட். எல்லை தாண்டுவது எங்களுக்குக் கடைக்குப் போய்வருவதைப் போலத்தான். இந்த மலையில் பயமில்லாமல் வண்டி ஓட்டுகிறவர்களும் குறைவு. மழை, மூடுபனி, யானை, கொண்டை ஊசி வளைவு எல்லாம் உண்டு. அந்த ஏஜென்ட் பிடித்துக்கொண்டது இந்த இரண்டையும்தான்.

என் தம்பி சென்னைப் பதிவு எண்ணுள்ள ஒரு பழைய பெட்ரோல் காரை வாங்கினான். 1197 சிசி. ஆர்.சி. பெயர் மாற்றம் முடிந்தது. பழைய பாலிசி முடியப்போகும் நேரம் வந்ததும், வண்டி வேலைகளுக்கு எல்லோரும் போகும் அந்த ஏஜென்டிடம் போனான். "மெட்ராஸ்ல போட்ட இன்சூரன்ஸ் வேறங்க தம்பி. மலை வண்டிக்கு ரிஸ்க் ஜாஸ்தி, கம்பெனி லோடிங் போடும். பார்டர் தாண்டுறதுன்னா கேரளாவுக்கும் கர்நாடகாவுக்கும் தனித்தனியா எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியில எழுதிச் சேர்க்குறது, வேணும். இல்லைன்னா அங்க போய் இடிச்சா கம்பெனி கையை விரிச்சிரும்" என்று சொல்லியிருக்கிறார். வெறும் தேர்ட் பார்ட்டிக்கு 6,800 ரூபாய். பணம் அவருடைய சொந்த ஜிபே எண்ணுக்குப் போனது. அன்று மாலையே வாட்ஸ்அப்பில் பாலிசி பிடிஎஃப் வந்துவிட்டது. ஒரு பெரிய கம்பெனியின் முத்திரை, வண்டி எண், தம்பியின் பெயர், ஒரு வருடத் தேதி எல்லாம் இருந்தன. வண்டி விவரம் காட்டும் அரசின் எம்பரிவாகன் ஆப்பில் தேடினாலும் இன்சூரன்ஸ் செல்லுபடியாகும் தேதி அதேபோலக் காட்டியது. இதற்கு மேல் யார் சந்தேகப்படுவார்கள்?

அப்புறம் மழைக்காலத்தில் தேவாலா பக்கம் ஒரு வளைவில் விபத்து. எதிரே பைக்கில் வந்தவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. தம்பிதான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான், போலீசிலும் சொன்னான், பாலிசி நகலையும் கொடுத்தான். தேர்ட் பார்ட்டி இருக்கிறதே, அவருடைய செலவையும் வேலை இழப்பையும் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று அந்தக் குடும்பத்திடம் தைரியமாகச் சொன்னோம். கம்பெனியிலிருந்து வந்த பதில்: இந்தப் பதிவு எண்ணில் எங்களிடம் உள்ள பாலிசி 75 சிசி-க்கு மிகாத ஓர் இருசக்கர வாகனத்துக்கானது, காருக்கு நாங்கள் பாலிசி கொடுக்கவில்லை.

அந்த ஏஜென்ட் செய்தது இதுதான். ஆன்லைனில் இருசக்கர வாகனத்துக்கு மிகக் குறைந்த பாலிசியை எடுக்கிறார். அதன் அடிப்படைக் கட்டணம் 538 ரூபாய், 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 635. வண்டி எண் என்ற இடத்தில் எங்கள் காரின் எண்ணைப் போடுகிறார். பாலிசி வந்ததும் பிடிஎஃப்பைத் திருத்தி, வாகன வகையையும் தொகையையும் மாற்றி நமக்கு அனுப்புகிறார். எண் கம்பெனி வழியாகவே பதிவாவதால் ஆப்பில் தேதி வந்துவிடுகிறது, வழியில் நிறுத்திப் பார்க்கும் போலீசுக்கும் எல்லாம் சரியாகத் தெரிகிறது. ஒரு மனிதர் அடிபட்டு, கம்பெனி அசல் பதிவைத் திறக்கும் நாளில்தான் வெளியே வரும். ஓர் ஆளுக்கு ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் லாபம். இப்படி எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறாரோ தெரியவில்லை. அந்தக் கார்கள் எல்லாம் இப்போதும் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதால்தான் அவசரமாக எழுதுகிறேன்.

இனி உண்மையான கணக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 146-ன்படி பொதுச் சாலையில் ஓடும் எந்த வண்டிக்கும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் அதுதான். நம் வண்டியால் மற்றவர் இறந்தாலோ காயம்பட்டாலோ வரும் பொறுப்புக்கு அதில் உச்சவரம்பு இல்லை. மற்றவரின் சொத்துச் சேதத்துக்கு, தனியார் காரென்றால் 7.5 லட்சம் ரூபாய் வரை. இதோடு உரிமையாளர் தானே ஓட்டும்போது விபத்தில் இறந்தால் 15 லட்சம் கிடைக்கும் தனிநபர் விபத்துக் காப்பும் வேண்டும். அதற்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். ஏற்கெனவே அந்த அளவுக்குக் காப்பு இருந்தால் மறுபடியும் எடுக்க வேண்டாம்.

இந்தத் தேர்ட் பார்ட்டி கட்டணத்தை கம்பெனியோ ஏஜென்டோ முடிவு செய்ய முடியாது. மத்திய அரசு அறிவிக்கிறது. 2022 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் தனியார் காருக்கு 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1000-க்கு மேல் 1500 வரை 3,416, அதற்கும் மேல் 7,897. ஜிஎஸ்டி தனி. எங்கள் காருக்கு வரியோடு 4,031 ரூபாய் ஆகியிருக்க வேண்டும். சென்னையில் ஓடினாலும் பந்தலூரில் ஓடினாலும், எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் இதே தொகைதான். பெட்ரோல், டீசல் காருக்கு எஞ்சின் அளவுதான் கணக்கு. மலை, சமவெளி, மாநிலம் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. அரசு புதிய பட்டியல் அறிவித்தால் தொகை மாறும், அப்போதும் நாடு முழுக்க ஒன்றாகத்தான் மாறும்.

எல்லை தாண்டும் எண்டார்ஸ்மென்ட் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது நேபாளம், பூட்டான், வங்கதேசம், இலங்கை, மாலத்தீவு, பாகிஸ்தான் போகிறவர்களுக்கு. இந்தியாவுக்குள் நம் பாலிசி எல்லா மாநிலத்திலும் செல்லும். கேரளாவுக்குப் போக ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

இடத்துக்கு இடம் மாறுவது 'ஓன் டேமேஜ்' பகுதி, அதாவது நம் சொந்த வண்டியின் சேதத்துக்கு நாமாக விரும்பி எடுப்பது. அதில் மண்டலம் பார்ப்பார்கள். அகமதாபாத், பெங்களூரு, சென்னை, ஹைதராபாத், கொல்கத்தா, மும்பை, புது டெல்லி, புனே ஆகியவை ஏ மண்டலம். மீதி இந்தியா முழுக்க பி மண்டலம். நீலகிரி, கொடைக்கானல் எல்லாம் பி-தான். வண்டி எங்கே ஓடுகிறது என்று பார்ப்பதில்லை, எந்த ஆர்.டி.ஓ.வில் பதிவாகியிருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். பழைய கட்டணப் பட்டியலின்படி ஐந்து வருடத்துக்கு உட்பட்ட 1000-1500 சிசி காருக்கு வண்டி மதிப்பில் ஏ-வுக்கு 3.283 சதவீதம், பி-க்கு 3.191. நான்கு லட்சம் மதிப்புள்ள காருக்கு வித்தியாசம் 368 ரூபாய். அதுவும் நம் பக்கம்தான் குறைவு! 2007-லிருந்து இந்தப் பகுதிக்குக் கம்பெனிகள் தாங்களே விலை வைக்கின்றன, அதனால் நான்கு இடத்தில் விசாரித்து எடுக்கலாம். ஆக, மலைக்கு ஜாஸ்தி என்று அந்த ஆள் சொன்னதில் ஒரு சொல்கூட உண்மை இல்லை.

இன்னொன்று. 2018 செப்டம்பர் 1 முதல் புதிய காருக்கு வாங்கும்போதே மூன்று வருடத் தேர்ட் பார்ட்டி சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள், உச்ச நீதிமன்ற உத்தரவு அது. புதுக் கார் வாங்கி ஒரு வருடம் ஆனவரிடம் "தேர்ட் பார்ட்டி முடிஞ்சுபோச்சு" என்று பயமுறுத்திப் பணம் வாங்குவதும் நடக்கிறது. பழைய பாலிசியை எடுத்து தேர்ட் பார்ட்டி எதுவரை என்று தனியாகப் பாருங்கள்.

இன்றைக்கே உங்கள் பாலிசியைச் சோதித்துவிடுங்கள். ஏஜென்ட் அனுப்பிய பிடிஎஃப்பையும் நம்ப வேண்டாம், ஆப்பில் வரும் தேதியையும் நம்ப வேண்டாம். கம்பெனியின் சொந்த இணையதளத்துக்குப் போய், பாலிசி எண்ணைப் போட்டு நீங்களே நகல் இறக்குங்கள். முடியவில்லை என்றால் கம்பெனிக் கிளைக்கு நேரில் போங்கள். அந்த நகலில் வாகன வகை கார் என்று இருக்கிறதா, எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா, சிசி சரியா, தேர்ட் பார்ட்டி என்ற வரியில் மேலே சொன்ன தொகை இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் விஷயத்தில் அந்த ஒரு தொகையே அவரைக் காட்டிக்கொடுத்திருக்கும். புதிதாக எடுக்கும்போது பணம் கம்பெனியின் பெயருக்கே போகட்டும், தனி ஆளின் எண்ணுக்குப் போக வேண்டாம்.

சீசனில் வெள்ளை போர்டு காரைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தனியார் கார் பாலிசியில் வாடகைக்கு ஓட்டக்கூடாது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. விபத்து என்றால் கம்பெனி அதைத்தான் முதலில் எடுக்கும். மஞ்சள் போர்டுக்குக் கட்டணப் பட்டியலே வேறு.

இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் பிரிவு 196-ன்படி முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, இரண்டும் சேர்த்தும் வரலாம். அடுத்த தடவை 4,000. அபராதத்தைக்கூட கட்டிவிடலாம். காயம்பட்டவருக்கான இழப்பீடுதான் மலைபோல நிற்கிறது. எலும்பு முறிவு கொடுங்காயமாகக் கணக்காகும். தப்பு யார் பக்கம் என்றே பார்க்காமல் 2.5 லட்சம் கொடுக்கச் சொல்கிறது பிரிவு 164. கம்பெனி இல்லை என்றால் வண்டிச் சொந்தக்காரர்தான் கொடுக்க வேண்டும். தம்பி தன்னிடம் இருந்ததைக் கொடுத்திருக்கிறான். காயம்பட்டவர் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறார், அது அவருடைய உரிமை, நாங்களே அதற்கு வேண்டிய காகிதங்களைக் கொடுத்தோம். ஆனால் மாதக் கூலியை நம்பி இருக்கும் குடும்பம் தீர்ப்பு வரும்வரை எப்படிக் காத்திருக்கும் என்று நினைத்தால் அந்த ஏஜென்ட் மேல் வரும் கோபம் அடங்க மாட்டேன் என்கிறது. அவர் திருடியது எங்கள் 6,800 ரூபாயை மட்டும் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம்.

போலீசில் மோசடிப் புகார் கொடுத்திருக்கிறோம். ஜிபே, வாட்ஸ்அப் வழியாக நடந்ததால் 1930 சைபர் உதவி எண்ணிலும் பதிவு செய்தோம். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும், 155255 எண்ணிலும் புகார் சொல்லலாம். கூடலூர், பந்தலூர் பக்கம் 'மலை லோடிங்' என்றோ 'மூணு மாநில கவர்' என்றோ பணம் கொடுத்தவர்கள் இருந்தால், வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப்பையும் பணம் அனுப்பிய பதிவையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு நீங்களும் புகார் கொடுங்கள். எங்கள் ஒரு புகார் மட்டும் இருப்பதால், இது தெரியாமல் நடந்த தவறு என்று சொல்லி அந்த ஏஜென்ட் தப்பிக்கப் பார்க்கிறார். அதே மாதிரி இன்னும் நான்கு பாலிசிகள் மேசைக்கு வந்தால் அப்படிச் சொல்ல முடியாது.