அளவுக்கோடு போட்ட ஒரு லிட்டர் பாட்டில்: நான்கு மாத அனுபவம்

சிறுநீரகத் தமனி சுருங்கியிருப்பதாக ஸ்கேனில் தெரியவந்த என் அப்பாவுக்கு, சிறுநீரகச் செயல்பாடு குறைந்து காலும் வீங்கியிருந்ததால், நாளொன்றுக்கு 1,200 மி.லி. திரவம் மட்டுமே என்று மருத்துவர் வரையறுத்தார். அதற்காக, பக்கவாட்டில் மி.லி. கோடுகளும் உறிஞ்சுகுழல் மூடியும் கொண்ட இந்த பாட்டிலை 350 ரூபாய்க்கு வாங்கினோம்.

இந்த நோயில் வரும் தாகத்தை வெறும் பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. சுருங்கிய தமனி வழியே போதிய இரத்தம் வராதபோது, உடலில் இரத்தமே குறைந்துவிட்டது போலச் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரக்கிறது. அதன் தொடர்ச்சியாக உருவாகும் ஆஞ்சியோடென்சின்-2 என்ற ஹார்மோன் இரத்த அழுத்தத்தை ஏற்றுவதோடு மூளையில் தாக உணர்வையும் தூண்டுகிறது. 'கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று அப்பாவிடம் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது எவ்வளவு அநியாயம் என்பது பிறகுதான் புரிந்தது.

பாட்டிலின் உண்மையான பலன் அந்த உறிஞ்சுகுழலில்தான் இருக்கிறது. சொம்பை அண்ணாந்து குடித்தே பழகியவர் அப்பா. ஒரு மூச்சில் கால் லிட்டர் இறங்கிவிடும். குழலில் உறிஞ்சும்போது இரண்டு வாயிலேயே நாக்கு நனைந்து, நிறுத்திக்கொள்கிறார். காலையில் 700 மி.லி. மட்டும் ஊற்றிவைக்கிறோம்; மீதி 500 காபிக்கும் கஞ்சிக்கும் ரசத்துக்கும் மோருக்கும். இந்தக் கணக்கைப் போடாதவருக்கு பாட்டிலால் பயனில்லை.

குறை என்றால், கோடுகளே தவறு. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தபோது, 500 என்று போட்டிருந்த கோடுவரை நிரப்பிய தண்ணீர் மட்டும் 540 கிராம் இருந்தது. அளவுக்காகவே விற்கப்படும் பொருளில் இதை மன்னிக்க முடியவில்லை. நாங்களே அளந்து பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டோம். மூடியின் ரப்பர் வளையத்திலும் நான்கே நாளில் வழுவழுப்புப் படிகிறது. பழைய பல்துலக்கியால் தேய்த்தால்தான் போகிறது.

அப்பளமும் மாவடுவும் இலையில் விழுந்த நாளில் பிற்பகல் மூன்று மணிக்கே பாட்டில் காலியாகிவிடுகிறது. உப்பை நாளுக்கு 5 கிராமுக்குள் வைக்கச் சொல்லும் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுக்கு வீட்டுச் சமையலைக் கொண்டுவந்தபின்தான் மாலைவரை தாங்குகிறது. நாக்கு மிகவும் வறண்டால் ஒரு ஐஸ்கட்டியைச் சப்பக் கொடுக்கிறோம். அதையும் 20 மி.லி. என்று கணக்கில் எழுதிவிடுவோம்.

எங்கள் 1,200 எல்லோருக்கும் பொருந்தாது. நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் தாமாகவே தண்ணீரைக் குறைத்தால் ஆபத்து. மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் வாங்கலாம், வீட்டில் தராசும் இருந்தால். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருவேன். அதில் இரண்டு குழலுக்கு.